நிற்கும் கால் எது என்று முதலில் பாருங்கள்

கேள்வி: நான் மோல்மேனில் மின்சாமான்கள் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். என் மனைவிக்கு வயது 41. மூன்று வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தால் இடது கால் மெலிந்து, இரண்டு அங்குலம் குட்டையாக இருக்கிறது. அந்தக் கணுக்காலை மேலே தூக்க வராது. உயரம் ஐந்தடிக்குச் சற்றுக் குறைவு. வீட்டில் தையல் வேலை செய்து, தைத்த துணிகளைச் சந்தைக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். மோட்டார் சைக்கிளுக்குத் தடையுள்ள ரங்கூன் நகருக்குள் வளர்ந்தவள் என்பதால் ஓட்டிப் பழகியதே இல்லை. இப்போது தனக்கென்று ஒரு வண்டி வேண்டும் என்கிறாள். என் மைத்துனர் தம்முடைய ஹோண்டா வேவ் வண்டியை மலிவாகத் தருவதாகச் சொல்கிறார். அவளிடம் சொல்லாமல் அதை வாங்கி, தீபாவளியன்று வாசலில் நிறுத்தலாமா? பக்கச் சக்கரம் பொருத்தினால் நல்லதா?

பதில்: மைத்துனரின் வண்டியை வாங்காதீர்கள். வேவ் நல்ல வண்டிதான். உதிரி பாகம் எந்தச் சிற்றூரிலும் கிடைக்கும், எந்தப் பையனும் பழுது பார்ப்பான். ஆயினும் உங்கள் மனைவியின் உடலுக்குப் பொருந்தாத வண்டி ஒன்றைத் தேடச் சொல்லியிருந்தால், நான் அதைத்தான் காட்டியிருப்பேன்.

காரணம் அந்த வண்டியின் வம்சத்திலேயே இருக்கிறது. வேவுக்கு மூதாதை 1958இல் வந்த சூப்பர் கப். ஜப்பானில் நூடுல்ஸ் கடைப் பையன்கள் ஒரு கையில் உணவுத் தட்டை ஏந்திக்கொண்டு மறு கையால் ஓட்ட வேண்டும் என்பதற்காக, அதில் கிளட்ச் பிடியையே எடுத்துவிட்டார்கள். பையனின் இடது கை மிச்சப்பட்டது. கையின் வேலை இடது காலுக்குப் போயிற்று. வேவிலும் அப்படியே. இடது பாதத்தால் மிதிக்கும் பெடல் ஒன்றே கிளட்சையும் விடுவித்து, கியரையும் மாற்றுகிறது. கணுக்கால் முறிந்து இரண்டு மாதம் கட்டுப் போட்டிருந்தபோது, நான் நாள்தோறும் அந்தப் பெடலை எத்தனை முறை மிதித்து வந்திருக்கிறேன் என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது.

இதைவிடப் பெரிய தொல்லை வண்டி நிற்கும்போது வரும். வேவின் பின் பிரேக் வலது காலில் இருக்கிறது. உங்கள் ஊரின் நடுவே பகோடாக்கள் நிற்கும் குன்றுத் தொடரை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் ஏறும் சாலையில், முன்னே ஒரு சைக்கா, அதாவது சைக்கிள் ரிக்‌ஷா, திடீரென்று நிற்க, உங்கள் மனைவியும் நிறுத்த நேருகிறது. வண்டி பின்னோக்கி உருளாதிருக்க வலது கால் பிரேக்கை மிதித்திருக்கும். தரையில் ஊன்ற எஞ்சியிருப்பது இடது கால் மட்டுமே. வலிமையுள்ள காலைப் பெடலில் வைத்துக்கொண்டு, வலிமையற்ற காலால் 100 கிலோ வண்டியைத் தாங்கச் சொல்கிறது அந்த அமைப்பு. ஓடும்போது எந்த இரு சக்கர வண்டியும் தானே நிமிர்ந்து செல்லும். விழுவதெல்லாம் பெரும்பாலும் நிற்கும் நேரத்திலும் நகரத் தொடங்கும் நேரத்திலும்தான். ஆகவே உடல் குறை உள்ளவருக்கு வண்டி தேடுகையில், அது எவ்வளவு வேகம் போகும் என்பதற்கு முன்னால், நிற்கும்போது எந்தக் கால் ஓய்வாக இருக்கும் என்று கேளுங்கள்.

இரண்டு பிரேக்குகளும் கையிலேயே அமைந்த, கியர் இல்லாத ஆட்டோமேட்டிக் ஸ்கூட்டர்தான் இவருக்கு ஏற்றது. இடது கை பின் பிரேக்கைப் பிடித்திருக்க, வலது கால் தாராளமாகத் தரையை ஊன்றலாம். இதில் நம் நாட்டுச் சாலையும் அவருக்குத் துணை செய்கிறது. 1970 முதல் பர்மாவில் வண்டிகள் வலப்பக்கமாகச் செல்கின்றன; மழைநீர் வடிவதற்காகச் சாலை நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிந்திருக்கும்; எனவே நிறுத்தும்போது வண்டி அவருடைய நல்ல கால் இருக்கும் வலப்பக்கமாகவே சாய முற்படும். ஆனால் அதே சரிவினால், வலது பாதம் எட்ட வேண்டிய தரை சில அங்குலம் கீழே போய்விடும். கடையின் வழவழப்பான சமதரையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத் திருப்தி அடையாமல், வண்டியைச் சாலையோரத்துக்குக் கொண்டுவரச் சொல்லி, அங்கே வலது பாதம் முழுவதும் பதிகிறதா என்று பாருங்கள். விரல் நுனி மட்டும் தொட்டால் அது போதாது.

தாய்லாந்திலிருந்து வரும் ஸ்கூட்டர்களில் ஹோண்டா ஸ்கூப்பியை முதலில் பார்க்கச் சொல்வேன். அதன் இருக்கை சுமார் 75 சென்டிமீட்டர் உயரம். எடை 100 கிலோவை ஒட்டி இருக்கும். கிளிக் 125 இருக்கையில் ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டரும் எடையில் பத்துக் கிலோவுக்கு மேலும் கூடுதல். குறிப்பேட்டில் இது சிறிய வேறுபாடு. ஐந்தடிக்குக் குறைந்தவருக்கு அப்படியில்லை. பிசிஎக்ஸ், என்மேக்ஸ் போன்ற பெரிய ஸ்கூட்டர்கள் வாட்டசாட்டமாக இருக்கின்றன என்று கடைக்காரர் புகழ்வார். அவற்றின் கனத்தை விட்டுவிட்டாலும், இரண்டு பாதங்களுக்கு இடையே எழும்பி நிற்கும் நடுமேடு ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டிக் காலைத் தூக்கிப் போட வேண்டும். ஸ்கூப்பியிலும் கிளிக்கிலும் கால் வைக்கும் தளம் தட்டையாக இருப்பதால், இருக்கையில் முதலில் பக்கவாட்டில் அமர்ந்துகொண்டு, பிறகு காலைத் தளத்தின் மேலாக இழுத்துக்கொள்ளலாம். தேவையானால் கையாலேயே எடுத்து வைக்கலாம். லுங்கியோ புடவையோ கட்டிக்கொண்டு ஏறுவதற்கும் இதுவே வசதி.

கடைகளில் யாரும் சொல்லாத ஒன்று ஸ்டாண்டு. நடு ஸ்டாண்டைப் போட வண்டியின் இடப்பக்கம் நின்று வலது காலால் மிதிக்க வேண்டும். வலது காலைத் தூக்கும் நொடியில் உடல் எடை முழுவதும் இடது காலில் விழும் என்பதால், அதை அவர் தொடவே வேண்டாம். பக்க ஸ்டாண்டும் இடப்பக்கம்தான். கணுக்காலை உயர்த்த முடியாதவர் அதைக் குதிகாலால் தேடித் தள்ளுவது சிரமம். வெல்டிங் பட்டறையில் ஐந்தாறு சென்டிமீட்டர் இரும்புத் துண்டு ஒன்றை அதில் பற்றவைத்து, முனையில் ரப்பர் மாட்டினால், பாதத்தின் எந்தப் பகுதியாலும் தள்ளிவிடலாம். இடப்பக்கம் சாய்ந்து திரும்பும்போது அது தரையில் உரசாத அளவுக்குக் குட்டையாக இருக்க வேண்டும் என்பதைப் பட்டறைக்காரரிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

உயரம் இன்னும் இடித்தால், இருக்கைப் பஞ்சை ஓரங்களில் செதுக்கி ஒடுக்கலாம். தொடை உட்பக்கம் வருவதால் கால் நேராகக் கீழே இறங்கும். பின் ஷாக்கைக் குட்டையாக்கித் தருகிறேன் என்று எவரேனும் சொன்னால், ஸ்டாண்டையும் அதற்கேற்பக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் நிறுத்திய வண்டி செங்குத்தாக நின்று வலப்புறம் கவிழும். இடது காலின் இரண்டு அங்குலக் குறைவுக்கு வண்டியில் வைத்தியம் தேடாதீர்கள். அதற்குச் செருப்புத் தைப்பவர் இருக்கிறார். அடித்தட்டு உயர்த்தி, குதிகாலுக்குப் பின்னே வார் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். நாம் வழக்கமாகப் போடும் விரலிடைச் செருப்பு, மழையில் நனைந்த பாதத்திலிருந்து நழுவிவிடும்.

பக்கச் சக்கரத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அது நிற்கும் கவலையை அடியோடு தீர்க்கும். ஆனால் வண்டி சாயும் இயல்பை இழப்பதால், வளைவில் ஓட்டுபவரை வெளிப்பக்கம் தள்ளும். குழி விழுந்த சாலையில் பக்கச் சக்கரங்கள் இரண்டும் மேட்டில் நிற்க, இழுக்கும் பின் சக்கரம் பள்ளத்தின் மேல் தொங்கி வெறுமனே சுழல்வதும் உண்டு. சந்தைச் சந்துகளில் அகலமும் இடிக்கும். சாய்ந்து ஓடும் மூன்று சக்கர யமஹா டிரைசிட்டி 2014இல் வந்தது. 150 கிலோவுக்கு மேல் எடையுள்ள அந்த வண்டியும் நிற்கும்போது தானாக நிற்காது, கால் ஊன்றியே ஆக வேண்டும் என்பதால் இவருக்குப் பயனில்லை. முதலில் இரு சக்கரத்தில் பழகட்டும். நல்ல கால் விரைவில் களைத்துப்போனால் பக்கச் சக்கரமே சரி. அப்போது மெதுவாக ஓட்ட ஒப்புக்கொள்ள வேண்டும்.

மருத்துவரை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. இளம்பிள்ளை வாதம் தசையை இயக்கும் நரம்பணுக்களைத்தான் கெடுக்கும், தொடு உணர்ச்சி கெடுவதில்லை. எனவே பாதம் எங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். எனினும் சிலருக்குப் பல பத்தாண்டுகள் கழித்துப் புதிதாகப் பலவீனம் தோன்றுவதுண்டு. அதுவரை ஈடுகொடுத்து உழைத்த மறு காலும் இதில் அடங்கும். இன்றைக்குச் சமாளித்துவிடலாம் என்று தோன்றும் வண்டியை விட, அதற்கும் ஒரு படி இலேசானதை வாங்குங்கள்.

தீபாவளி ரகசியத்தைக் கைவிடுங்கள். உங்கள் உடம்பில் வைத்துப் பார்த்து அவருக்கு வண்டி எடுப்பது, உங்கள் சட்டை அளவில் அவருக்கு ரவிக்கை தைப்பது போன்றது. தையல்காரர் வீட்டில் இதை நான் விளக்க வேண்டியதில்லை. அவரையே கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். தினமும் போடும் செருப்போடும் வழக்கமான துணி மூட்டையோடும் வரட்டும். மூட்டையைத் தளத்தில் வைத்தபின் பாதத்துக்கு இடம் மிஞ்சுகிறதா, இடது கைக்கு பிரேக் எட்டுகிறதா, இறங்கி நின்று வண்டியைப் பத்தடி பின்னுக்குத் தள்ள முடிகிறதா என்று அவரே பார்த்துச் சொல்லட்டும். நீங்கள் அருகில் இருந்தாலும், கடைக்காரர் கேட்கும் கேள்விக்கு அவரைப் பதில் சொல்ல விடுங்கள்.

தீபாவளிக்கு மழை ஓய்ந்திருக்கும். பழகுவதற்கு அதுவே சரியான பருவம். வெறும் மைதானத்தில் முதல் வாரம் முழுவதும் நாலு கஜம் நகர்ந்து, இடது கையால் பிடித்து, வலது காலை ஊன்றி நிற்பதையே திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டு கற்றுக்கொடுக்காதீர்கள். உங்கள் எடை சேர்ந்தால் வண்டியின் நிலையே மாறிவிடும். வண்டியின் இடப்பக்கமாக, கைப்பிடியைத் தொடாமல், கூடவே நடந்து வாருங்கள்.