வட்டமும் சதுரமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கணித வரலாறு படித்துக்கொண்டிருக்கிறேன். வட்டத்துக்குச் சமமான பரப்புள்ள சதுரம் வரைய வழி கண்டுவிட்டதாக செயின்ட் வின்சென்ட் என்பவர் 1,200 பக்கங்களுக்கு மேல் எழுதியிருக்கிறார். நான்கே வருஷத்தில் அது தப்பு என்று தெரிந்துவிட்டது. இத்தனை உழைப்பும் வீண்தானே? அப்புறம் ஏன் அவரை இன்னும் நினைவு வைத்திருக்கிறார்கள்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வீண் இல்லை. அந்தப் புத்தகத்தில் தப்பை விடச் சரியானதுதான் அதிகம்.

செயின்ட் வின்சென்ட் 1584இல், இன்று பெல்ஜியத்தில் இருக்கும் புரூஜ் நகரில் பிறந்த யேசு சபைத் துறவி. 1631இல் சாக்சனிப் படை பிராகுக்குள் நுழைந்தபோது, எழுதி வைத்ததையெல்லாம் அங்கேயே விட்டுவிட்டு வியன்னாவுக்கு ஓடினார். தாள்கள் அவர் கைக்கு வந்து சேரப் பத்து வருஷம் போல ஆயிற்று. 1647இல் ஆன்ட்வெர்ப்பில் புத்தகம் வந்தது. அதன் முகப்புப் படத்தில், சதுரச் சட்டத்தின் வழியே வரும் வெயில் தரையில் வட்டமாக விழுகிறது. அவ்வளவு நம்பிக்கை அவருக்கு.

1651இல் டச்சுக் கணித அறிஞர் ஹொய்கென்ஸ், அப்போது வயது 22, பத்தாம் பாகத்தின் 39ஆம் தேற்றத்தில் பிழையைப் பிடித்தார். வட்டம் பற்றிய முடிவு அதோடு சரிந்தது. அளவுகோலும் கவராயமும் வைத்து இதைச் செய்யவே முடியாது என்பது உறுதியானது 1882இல், லிண்டெமான் என்ற ஜெர்மன் கணித அறிஞரால்தான். ஆகவே 1647இல் ஒருவர் முயன்றதை அசட்டுத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

அதே புத்தகத்தில் அதிபரவளையம் பற்றிய பகுதியைப் பாருங்கள். கிடைத்தூரத்தையும் உயரத்தையும் பெருக்கினால் எப்போதும் 1 வரும் வளைகோடு என்று வைத்துக்கொள்வோம். 1 முதல் 2 வரை அதன் அடியில் உள்ள பரப்பைச் சன்னமான பட்டைகளாக நறுக்குங்கள். ஒவ்வொரு பட்டையின் அகலத்தையும் இரட்டிப்பாக்கி, உயரத்தைப் பாதியாக்குங்கள். பட்டையின் பரப்பு மாறாது. ஆனால் எல்லாப் பட்டைகளும் இப்போது 2 முதல் 4 வரையுள்ள இடத்தில் கச்சிதமாகப் பொருந்தி உட்காரும். 4 முதல் 8 வரையும் அதே பரப்புதான், ஏறத்தாழ 0.693. தூரம் பெருக்கலில் வளர, பரப்பு கூட்டலில் வளர்கிறது. இது, பெருக்கலைக் கூட்டலாக மாற்றித் தரும் மடக்கையின் (logarithm) குணமேதான் என்று அதே சபையைச் சேர்ந்த சரசா 1649இல் எடுத்துக்காட்டினார். எனக்கு இந்த இடம் எப்போது படித்தாலும் சிலிர்க்கும்.

நுண்கணிதத்தை (calculus) உருவாக்கியவர்களில் ஒருவரான லைப்னிஸ் 1672இல் பாரிசுக்கு வந்தபோது, கணிதத்தில் தேற என்ன படிக்கலாம் என்று ஹொய்கென்ஸிடம்தான் போய் நின்றார். பிழையைப் பிடித்த அதே ஹொய்கென்ஸ் அவரைப் படிக்கச் சொன்ன நூல்களில் செயின்ட் வின்சென்ட்டின் புத்தகமும் ஒன்று.

அன்புடன்