நடுகல்லும் மாதக் கடைசியும்

அன்புள்ள ஐயா,

திருவண்ணாமலையில் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறேன். மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியை எடுத்துக்கொண்டு செங்கம், தண்டராம்பட்டு பக்கம் நடுகல், அதாவது சண்டையில் இறந்த வீரர்களின் நினைவாக நட்ட கல், தேடிப் போகிறேன். பார்த்ததை விரிவான கட்டுரைகளாக எழுத ஆசை. ஆனால் வீடு திரும்பவே இரவு எட்டரை ஆகிறது. மார்ச் வந்தால் ஞாயிறும் கிடையாது. ஏழு கல்லின் படங்கள் எட்டு மாதமாகப் போனில் கிடக்கின்றன. கடைசியாகப் பார்த்த கல்லுக்குப் பூசை செய்கிற பெரியவருக்கு எண்பது வயதுக்கு மேல். மறுபடி வருகிறேன் என்று அவரிடம் சொன்னதோடு சரி. மகளுக்கு நாலு வயது, நான் ஹெல்மெட்டை எடுத்தாலே அழுகிறாள். வேலையை விடுவதா, இதை விடுவதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வேலையை விடாதீர்கள். நடுகல் யாருக்கும் சோறு போட்டதில்லை. சோறு போட வேண்டிய கட்டாயம் அதன் தலையில் விழுந்தால், நாலு பேர் பார்க்க வருகிற கல்லாகத் தேடிப் போக ஆரம்பிப்பீர்கள். புதருக்குள் கிடக்கிற கல்லை யாருக்கும் பதில் சொல்ல வேண்டியில்லாமல் இன்று உங்களால் தேடிப் போக முடிகிறது. மாதச் சம்பளம் தருகிற சுதந்திரம் அது.

நான் முப்பது வருடம் கருவூலத்தில் இருந்தவன். மாதக் கடைசியில் சம்பள பில், ஏப்ரலிலிருந்து ஜூன் வரை ஓய்வூதியர் நேர்காணல். உங்கள் எட்டரை மணி எனக்கு நன்றாகத் தெரியும்.

வேலையில் சேர்ந்த புதிதில் ஓர் ஏரிக்கரையில் ஒரு கல்லைப் பார்த்தேன். இடுப்பளவு உயரம். வில்லை வளைத்து நிற்கிற வீரன், அவன் தலைக்கு மேலே நாலு வரி எழுத்து. கையில் நோட்டு இருந்தது, பேனாவும் இருந்தது. மாதக் கடைசி முடியட்டும், நிதானமாக வந்து பார்த்துப் பெரிய கட்டுரையாகவே எழுதிவிடலாம் என்று திரும்பிவிட்டேன். அடுத்த மாதமும் ஏதோ வேலை. ஒன்றரை வருடம் கழித்துப் போனபோது கரையைப் பலப்படுத்தியிருந்தார்கள். கல்லைக் காணோம். வரப்பெல்லாம் தேடினேன், மதகில் வைத்துக் கட்டிவிட்டார்களோ என்று அங்கேயும் பார்த்தேன். கடைசி வரி ‘கல்’ என்று முடிந்தது மட்டும்தான் நினைவில் இருக்கிறது. அந்த வீரனின் பெயரைக் கடைசியாகப் பார்த்தவன் நானாக இருக்கலாம். இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

அதனால் ஒன்று சொல்கிறேன். குறிப்பு எழுதுவதையும் கட்டுரை எழுதுவதையும் தனித்தனி வேலையாகப் பிரித்துவிடுங்கள். குறிப்பைக் கல்லின் பக்கத்தில் உட்கார்ந்து அன்றைக்கே எழுதி முடித்துவிட வேண்டும். ஊர், யாருடைய நிலம், கல் எந்தத் திசையைப் பார்க்கிறது, டேப் வைத்து அளந்த உயரமும் அகலமும், எழுத்து வரிவரியாக, படிக்க முடியாத இடத்தில் புள்ளி. அப்புறம் ஊர்க்காரர்கள் அதை என்ன சொல்லிக் கும்பிடுகிறார்கள் என்பது. உங்கள் பக்கம் பல இடங்களில் வேடியப்பன் என்பார்கள். இதற்கு அரை மணி நேரம் போதும். கட்டுரை அடுத்த வருடம் வரட்டும், அதற்கு அடுத்த வருடம்கூட வரட்டும்.

ஐராவதம் மகாதேவனை நினைத்துக்கொள்ளுங்கள். ஐ.ஏ.எஸ். அதிகாரி. அரசுப் பணியில் இருந்துகொண்டேதான் 1960-களில் மலைக்குகைகளில் இருந்த தமிழ் பிராமி எழுத்துகளை, தமிழின் மிகப் பழைய எழுத்துவடிவத்தை, படித்தார். கரூர் பக்கத்துப் புகளூர் கல்வெட்டில் சேர மன்னர்களின் பெயர்களை அடையாளம் கண்டது அந்தக் காலத்தில்தான். சிந்துவெளி எழுத்துகளின் தொகுப்பை 1977-இல் கொண்டுவந்தபோதும் பணியில்தான் இருந்தார். விருப்ப ஓய்வு பெற்றது 1980-இல். தமிழ் பிராமி பற்றிய அவருடைய பெரிய நூல் வந்தது 2003-இல். நடுவில் 1990-களில் மறுபடி அந்தக் குகைகளுக்கே போய் ஒவ்வோர் எழுத்தையும் சரிபார்த்தார். எட்டு மாதத்துக்கே நீங்கள் இப்படித் தவித்துப்போக வேண்டியதில்லை.

உச்சி வெயிலில் தேய்ந்த எழுத்து கண்ணுக்குத் தெரியாது. வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழுகிறபோதுதான் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். அதற்குக் காலை ஏழு மணி வெயில் போதும். அதனால் முழு ஞாயிறு தேவையில்லை. ஆறு மணிக்குக் கிளம்பினால், பக்கத்து ஊர்க் கல்லென்றால், ஒன்பதரைக்கு வீட்டில் இருக்கலாம். மாதத்தில் இரண்டு ஞாயிறு போங்கள், மற்ற இரண்டும் மகளுக்கு. மார்ச்சில் போகவே வேண்டாம். நானும் நேர்காணல் மாதங்களில் போனதில்லை.

கட்டுரை விரிவாகத்தான் இருக்க வேண்டுமா? எடுத்தனூர் நடுகல்லை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டு. எருமைகளைக் காக்கப் போய் இறந்தவன் கருந்தேவக்கத்தி. கோவிவன் என்ற அவனுடைய நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது. அரசன், ஆண்டு, ஆள், எருமை, நாயின் பெயர் எல்லாம் சில வரிகளுக்குள் அடங்கிவிட்டன. செதுக்கியவருக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை. நாம் 1,400 வருடம் கழித்தும் அந்த நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம். ஒரு கல்லுக்கு அரைப் பக்கம் எழுதுங்கள், போதும்.

போனில் இருக்கிற ஏழில் எழுத்து தெளிவாகத் தெரிகிற ஒன்றை எடுத்து, இன்று இரவே நோட்டில் வரிவரியாக எழுதிவிடுங்கள். மற்ற ஆறும் காத்திருக்கும். அந்தப் பெரியவரிடம் மட்டும் இந்த ஞாயிறே போய்விடுங்கள். அந்தக் கல்லுக்கு அவருடைய அப்பா என்ன பெயர் சொல்லிப் படையல் போட்டார் என்று கேட்டு, அவர் சொல்கிற சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தால் மகளையும் வண்டியில் உட்காரவைத்து அழைத்துப் போங்கள்.