மூளையில் அடிபட்டால் அங்குள்ள ஸ்டெம் செல்களே அதைச் சரிசெய்துவிடாதா?

நரம்பு ஸ்டெம் செல் என்பது இன்னும் எந்த வேலையும் ஏற்காத செல். பிரிந்து பெருகி, செய்தி கடத்தும் நரம்புச் செல்லான நியூரானாகவோ அதைத் தாங்கும் துணைச் செல்லாகவோ மாறக்கூடியது. எலிகளுக்குப் பக்கவாதம் உண்டாக்கிப் பார்த்தபோது, மூளையின் திரவ அறைச் சுவரிலிருந்து இளம் செல்கள் காயத்தை நோக்கி நகர்ந்தன. ஆனால் பெரும்பாலானவை சில வாரங்களில் இறந்துபோயின. அங்கே அழற்சி அதிகம், ரத்த ஓட்டம் குறைவு. பிழைத்தவற்றுக்கு இணைப்புதான் சிக்கல். அறுந்த தொலைபேசிக் கேபிளுக்குள் புதுக் கம்பியைத் திணித்தால் போதாது, ஒவ்வொரு நுனியும் சரியான ஜோடியைச் சேரவேண்டும். போதாக்குறைக்குத் தழும்புத் திசு வேறு குறுக்கே நிற்கும் (அழற்சி பரவாமல் தடுப்பதும் அதுதான், வெறும் வில்லனல்ல). வளர்ந்த மனிதரிடம் புது நியூரான் உருவாகிறதா என்பதிலேயே 2018இல் வெளியான இரு ஆய்வுகள் நேரெதிர் முடிவுக்கு வந்தன.

பக்கவாதத்துக்குப் பின் கை மீண்டும் அசைந்தால் புது செல் முளைத்ததாகப் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது, தப்பிய நியூரான்கள் பயிற்சியால் தங்கள் இணைப்புகளை மாற்றிக்கொண்டதன் பலன்.