பித்தப்பைக் கல் என்று யாருக்காகச் சொன்னீர்கள்?

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், லயத்து வரிசை வீட்டில் வசிக்கிறோம். நான் பாடசாலை ஆசிரியை. அம்மாவுக்கு 57 வயது. முப்பது வருடங்களுக்கு மேல் கொழுந்து பறித்தவர். வேலையிலிருந்து நின்ற பிறகு எடை 116 கிலோவுக்கு ஏறிவிட்டது. சீனி வருத்தம், பிரஷர், முழங்கால் வலி எல்லாம் உண்டு. கட்டாரில் இருக்கும் தம்பி பணம் அனுப்பினான். ஐந்து வாரங்களுக்கு முன் கொழும்பில் இரைப்பையைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சை செய்தோம். வீட்டுக்கு வந்ததிலிருந்து அம்மா ஒரே பிடிவாதம். பசியே இல்லை என்கிறார். நான் அரைத்துக் கொடுக்கும் பருப்பையும் மீனையும் தொடுவதில்லை. ஆனால் யாராவது பார்க்க வந்தால் அவர்கள் கொண்டுவரும் சோற்றையும் ரொட்டியையும் சாப்பிடுகிறார். பிறகு வாந்தி. வீட்டுக்குப் பின்னால் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டுதான் வாந்தி எடுக்கிறார், தண்ணீரும் வீணாகிறது. பின்னேரங்களில் வியர்த்து, கை நடுங்கிப் படுத்துவிடுகிறார். அது சத்திரசிகிச்சை செய்த அசதி என்று நினைக்கிறேன். கிளினிக் மாத்திரைகளை மட்டும் ஒருநாளும் தவறவிடுவதில்லை. தங்கைக்குக் கல்யாணப் பேச்சு நடப்பதால், பித்தப்பைக் கல்லுக்குச் செய்த ஒப்பரேஷன் என்றுதான் லயத்திலும் கிளினிக்கிலும் சொல்லி வைத்திருக்கிறோம். அம்மாவை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?

பதில்: அம்மாவை வழிக்குக் கொண்டுவருவது இருக்கட்டும். கடிதத்தின் கடைசிக்கு முந்திய வரியைத் திரும்ப ஒருமுறை வாசியுங்கள். “லயத்திலும் கிளினிக்கிலும்.” லயத்தில் சொன்னதற்காவது ஏதோ காரணம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். கிளினிக்கில் எதற்கு? அங்கே மாத்திரை எழுதுகிற வைத்தியரா உங்கள் தங்கையைப் பெண் பார்க்க வருகிறார்?

பின்னேரம் வியர்த்து நடுங்குவது அசதி அல்ல, மகள். இரத்தத்தில் சீனி இறங்கிப்போவதன் அடையாளம் அது. முன்பு ரொட்டியும் சோறும் சீனி போட்ட தேநீருமாகச் சாப்பிட்ட உடம்புக்கு எழுதிய மாத்திரையை, நாளைக்கு நாலு கரண்டி கஞ்சி இறங்குகிற உடம்புக்கு அதே அளவில் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்த மாத்திரைகளில் கிளிக்லசைட் போன்ற ஒன்று இருந்தால், அம்மா சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது சீனியை இறக்கிக்கொண்டே இருக்கும். பிரஷர் மாத்திரையும் அப்படித்தான். எடை இறங்கி, உடம்பில் நீரும் குறைந்த நிலையில் பழைய அளவைக் கொடுத்தால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றி விழுவார். இந்தச் சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கு முதல் நாட்களிலேயே மாத்திரைகளை மறுபடி கணக்குப் பார்த்துக் குறைப்பார்கள், சிலருக்கு நிறுத்தியும் விடுவார்கள். உங்கள் கிளினிக் வைத்தியர் ஏன் அதைச் செய்யவில்லை? பித்தப்பை எடுத்தவர்களுக்குச் சீனி மாத்திரையைக் குறைக்க வேண்டிய தேவை இல்லை. நீங்கள் சொன்னதை நம்பி அவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.

அடுத்த வேளை மாத்திரையைக் கொடுப்பதற்கு முன் கொழும்பில் சத்திரசிகிச்சை செய்த பிரிவுக்குத் தொலைபேசியில் பேசுங்கள். வியர்வை வரும்போது சீனி பாருங்கள். 70 mg/dLக்குக் கீழே இருந்தால், அல்லது பார்க்கக் கருவி இல்லையென்றால், மூன்று தேக்கரண்டி சீனியைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து மிடறு மிடறாகக் கொடுங்கள். நினைவு தடுமாறினால் வாயில் எதையும் ஊற்றாமல் 1990ஐ அழையுங்கள். அந்த அம்புலன்ஸுக்குக் காசு இல்லை.

பித்தப்பைப் பொய்யில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. வேகமாக எடை குறைகிறவர்களுக்குப் பித்தப்பையில் உண்மையாகவே கல் உருவாகலாம். இந்தச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு வரும் மாதங்களில் வைத்தியர்கள் அதை எதிர்பார்த்தே இருப்பார்கள், சிலருக்குத் தடுப்பதற்கு மாத்திரையும் கொடுப்பார்கள். ஒரு நள்ளிரவில் அம்மாவுக்கு வலது விலாவுக்குக் கீழே வலி பிடுங்குகிறது என்று வையுங்கள். நோர்வூட் தாண்டி டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டுபோகிறீர்கள். நீங்கள் கூடப் போனால் உண்மையைச் சொல்வீர்கள். நீங்கள் பாடசாலைக் கூட்டத்துக்குக் கண்டி போயிருந்த இரவாக இருந்தால்? பக்கத்துக் காம்பிரா வீட்டு அக்காவும் அவர் மகனும்தான் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். “பித்தப்பையை எடுத்தாயிற்று டொக்டர்” என்று அந்த அக்கா நல்லெண்ணத்தோடு சொல்வார். வயிற்றில் நாலைந்து சின்னத் தழும்புகள் இருக்கும். பித்தப்பையைத் துளை வழியாக எடுத்தாலும் தழும்பு ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். இரவுக் கடமையில் இருக்கும் இளம் வைத்தியருக்குச் சந்தேகம் வர வழியே இல்லை. இரைப்பையின் தையலில் கசிவு ஏற்பட்டு வந்திருந்தாலும் இதே கதைதான். காய்ச்சல், நிமிடத்துக்கு 120க்கு மேல் துடிக்கும் நாடி, கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, இடது தோளில் வலி, மூச்சிரைப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. உண்மையில் நடந்தது எந்தச் சத்திரசிகிச்சை என்று அறிந்தவர் உங்கள் லயத்தில் உங்கள் வீட்டாரைத் தவிர யாருமில்லை. அப்படி நீங்களே ஆக்கி வைத்திருக்கிறீர்கள்.

இனி அந்தக் குழாய். தண்ணீர் வீணாகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். படித்த பெண், ஏன் திறக்கிறார் என்று ஒரு நிமிடம் யோசித்தீர்களா? லயத்துச் சுவர்களுக்கு இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். பித்தப்பைக்கு ஒப்பரேஷன் செய்தவள் ஏன் ஐந்து வாரமாக வாந்தி எடுக்கிறாள் என்று யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்தத் தண்ணீர் ஓடுகிறது. வருகிறவர்கள் முன்னால் மட்டும் சாப்பிடுவதும் அதற்காகத்தான். வாசல் இஸ்தோப்பில் வந்து உட்கார்ந்தவர் கையால் பிசைந்து கொடுத்த சோற்றை “எனக்கு ஆகாது” என்று சொல்ல அவருக்கு நீங்கள் ஒரு காரணத்தை விட்டு வைக்கவில்லையே. கல் எடுத்து ஐந்து வாரம் கழித்தும் சோறு ஆகாதா என்பார்கள். அதனால் விழுங்குகிறார். இரைப்பையில் ஐந்தில் நான்கு பங்கை வெட்டி எடுத்த பிறகு மிஞ்சியிருக்கும் குழாய் போன்ற இரைப்பைக்குள் ஒரு சின்னக் கோப்பை அளவுதான் கொள்ளும். சோறும் ரொட்டியும் அதற்குள் ஊறி, உப்பி, அடைத்துக்கொள்ளும். பிறகு பின்வாசல். உங்கள் தங்கையின் கல்யாணத்துக்காக அந்தத் தாய் தன் வயிற்றைக் கொடுத்து நடித்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் அதற்குப் பிடிவாதம் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள்.

பசி இல்லை என்பதும் பிடிவாதம் அல்ல. பசியைத் தூண்டும் சுரப்பில் பெரும் பகுதி வெட்டி எடுத்த அந்தப் பங்கிலிருந்துதான் வந்தது. இப்போது அது இல்லை. பசி வரும்போது சாப்பிடட்டும் என்று காத்திருந்தால் அம்மா மெலிவதோடு நிற்காது, சதை கரைந்து படுக்கையில் விழுவார். கடிகாரம் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு 60 கிராம் புரதமாவது உள்ளே போக வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது என்பதை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மசித்த முட்டை, முள் நீக்கி மசித்த மீன், குழைய வேகவைத்த பருப்பு, சீனி சேர்க்காத யோகட், ஆடை நீக்கிய பால் என்று நாளைக்கு ஐந்தாறு தடவை, ஒவ்வொரு தடவையும் மூன்று நான்கு மேசைக்கரண்டி. முதலில் புரதம், இடம் இருந்தால் மற்றது. சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம். சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் குடிக்க வேண்டும், அதுவும் மிடறு மிடறாக. நாள் முழுவதும் சேர்த்து ஒன்றரை லீற்றர் போக வேண்டும். உங்கள் ஊர்க் குளிரில் தாகம் தெரியாது. அதனால் சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். அது சாயத்தண்ணீர் போல இருந்தால் உடம்பில் நீர் இல்லை. முழங்கால் வலிக்குக் கடையில் கிடைக்கும் வலி மாத்திரை எதையும் வாங்கிக் கொடுக்காதீர்கள், தையல் போட்ட இரைப்பையைப் புண்ணாக்கிவிடும். பனடோல் போதும்.

வாந்தியைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். தொடர்ந்து வாந்தி எடுக்கிறவர்களுக்குச் சில வாரங்களிலேயே உடம்பில் தயமின் என்ற பி1 விற்றமின் தீர்ந்துவிடலாம். கால் விறைப்பு, நடையில் தள்ளாட்டம், பார்வை இரட்டையாகத் தெரிவது, பேச்சில் குழப்பம் என்று அது மூளைக்கு ஏறும். உடனே ஊசி போடாவிட்டால் போனது திரும்பி வராது. ஐந்து வாரமாக வாந்தி என்பதைக் கொழும்புக்குச் சொன்னீர்களா? கடிதத்தில் இல்லை. இன்றைக்கே சொல்லுங்கள். விற்றமின் மாத்திரைகளும் ஆயுளுக்கும் வேண்டும். மூன்று மாதத்துக்குத்தானே என்று தம்பி பணத்தை நிறுத்திவிட வேண்டாம்.

அந்தத் தம்பியிடமும் ஒரு வார்த்தை. பணம் அனுப்பியது பெரிய காரியம்தான், அந்த வெயிலில் உழைத்து அனுப்பியிருக்கிறார். ஆனால் பணம் கொடுத்தவர் இருக்கிறார், சமைத்துக் கொடுப்பவர் இருக்கிறார், கல்யாணத்துக்குக் காத்திருப்பவர் இருக்கிறார். பித்தப்பை என்று சொல்லலாமா என்று அம்மாவிடம் கேட்டவர் யார்? ஒரு வரிகூட இல்லை. இப்படியான கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. கருப்பை எடுத்ததைக் குடலிறக்கம் என்பார்கள், மனநோய்க்குக் கொடுக்கும் மாத்திரையைத் தூக்க மாத்திரை என்பார்கள். எல்லாவற்றிலும் ஒரு கல்யாணம் இருக்கும். நோயைச் சுமக்கிறவரே பொய்யையும் சுமப்பார். பிள்ளைகளுக்காகத் தாய் சுமப்பது வழக்கம்தானே என்று எனக்கு யாரும் எழுத வேண்டாம். முப்பது வருடம் மலைச்சரிவில் கொழுந்துக் கூடை சுமந்தது போதும். இனி சுமக்க வேண்டிய முறை பிள்ளைகளுடையது. நான் அப்படித்தான் நம்புகிறேன், இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அந்த உடம்பு பருத்ததில் வெட்கப்பட என்ன இருக்கிறது? மலை ஏறி இறங்கிய காலத்தில் உடம்புக்கு ஈடுகொடுத்த ரொட்டியும் சீனியும், வேலை நின்ற பிறகும் அதே அளவில் தொடர்ந்தன. கையில் காசு குறைவான வீட்டில் வயிறு நிறைய வைப்பது கோதுமை மாதான், முட்டையும் மீனும் அல்ல. அவர் சோம்பி இருந்து பருத்தவர் அல்ல.

கல்யாணப் பேச்சுக்கு வருகிறேன், உங்கள் பயம் முழுவதும் அதில்தான் இருக்கிறது. இன்னும் சில மாதங்களில் அம்மா பார்த்தாலே தெரியும்படி இளைப்பார். மூன்றாம் மாதத்துக்கு மேல் தலைமுடி கொட்டும். பெரும்பாலானவர்களுக்கு அது மறுபடி முளைத்துவிடும், ஆனால் கொட்டும்போது வகிடு தெரியக் கொட்டும். பித்தப்பைக் கல் எடுத்தவள் இளைத்து, முடி கொட்டி நிற்பதைப் பார்த்து லயம் என்ன பேசும்? புற்றுநோய் என்று பேசும். மாப்பிள்ளை வீட்டுக்கு அந்தச் செய்தி உங்களுக்கு முன்பே போய்ச் சேரும். பரம்பரை வியாதியா என்று கேட்பார்கள். அப்போது நீங்கள் சொல்லும் உண்மையை யாரும் நம்பமாட்டார்கள், ஏற்கெனவே ஒரு பொய் சொன்ன வீடு என்ற பெயரும் சேர்ந்திருக்கும். தாயின் வைத்தியத்தைக் காரணம் காட்டி ஒரு சம்பந்தம் முறியுமென்றால் அது இப்போதே முறியட்டும். அந்த வீட்டில் உங்கள் தங்கை நாளைக்கு நோயாகப் படுத்தால் யார் தண்ணீர் கொடுப்பார்கள்?

ஆகவே செய்ய வேண்டியது இது. இன்று இரவு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, “நாங்கள் சொல்லச் சொன்னது தப்பு, இனி நீங்கள் மறைக்க வேண்டாம்” என்று சொல்லுங்கள். தங்கையும் கூட இருக்க வேண்டும். தம்பி தொலைபேசியிலாவது இருக்க வேண்டும். நாளை பாடசாலைக்கு லீவு போட்டுவிட்டு, கொழும்பில் கொடுத்த நோய் நிர்ணய அட்டையையும் கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு அம்மாவோடு போங்கள். நாளை கிளினிக் நாள் இல்லையென்றால் வெளிநோயாளர் பிரிவுக்குப் போங்கள். என்ன சத்திரசிகிச்சை, எந்தத் திகதி என்பதைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் நீங்கள் பேச வேண்டாம். அம்மாவுக்கு விருப்பமிருந்தால் அவரே மாப்பிள்ளையின் தாயிடம் சொல்லட்டும், பெண்ணைப் பெற்றவர் அவர்தான்.

பிறகு பக்கத்துக் காம்பிரா அக்காவைக் கூப்பிட்டு, நடந்ததை எல்லாம் சொல்லுங்கள். எந்த அடையாளம் கண்டால் 1990ஐ அழைக்க வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள். சோறு கொண்டுவர வேண்டாம், மீன் வாங்கும் நாளில் முள்ளில்லாத ஒரு துண்டைக் காரமில்லாமல் அவித்துக் கொண்டுவரச் சொல்லுங்கள்.