முடக்குவாதம் எனக்கு எப்படிப் போகும்? டெல்லித் தமிழர்களின் கேள்விகளும் என் பதில்களும்

டெல்லியில் மூட்டுவாத மருத்துவராக இருக்கிறேன். முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், சுருக்கமாக ஆர்.ஏ.: உடலின் எதிர்ப்புசக்தியே மூட்டுகளைத் தாக்கி வீங்கவைக்கும் நோய்) பற்றிக் கேள்வி அனுப்பலாம் என்று சொன்னதற்கு நாற்பதுக்கு மேல் வந்துவிட்டது, அதில் பாதி ஒரே கேள்வி. பெயர் வேண்டாம், ஊர்ப்பக்கம் போதும்.

முனிர்கா: அம்மாவுக்கு 52 வயது. ஆன்டி-சிசிபி 200க்கு மேல். கை கோணிப்போகுமா?

இரத்தத்தில் சிசிபியும் ஆர்.ஏ. ஃபேக்டரும் (இந்த நோயில் பலருக்கு இருக்கும் இரண்டு எதிர்ப்பொருட்கள்) இரண்டுமே நிறைய இருந்தால், எலும்பு அரிக்கும் வாய்ப்பு கூடுதல்தான், மறைக்க ஒன்றுமில்லை. ஆரம்பத்திலேயே பல மூட்டுகள் வீங்கியிருப்பது, சிஆர்பி (அழற்சியைக் காட்டும் இரத்தச் சோதனை) ஏறிக் கிடப்பது, முதல் எக்ஸ்ரேயிலேயே அரிப்பு தெரிவது, சிகரெட், இவையும் அதே பக்கம்தான் சேரும். ஆனால் இதெல்லாம் நோயாளிக் கூட்டத்தைப் பற்றிய கணக்கு. அம்மாவைப் பற்றி நான் கேட்பது வேறு: காலையில் விரல் மடங்காமல் போன நாளிலிருந்து மருந்து ஆரம்பிக்க எத்தனை வாரம் ஆனது? ஆரம்பித்து மூன்று மாதத்தில் வீக்கம் எத்தனை மூட்டில் வற்றியது? முதல் 12 வாரத்துக்குள் மருந்து தொடங்கியவர்களுக்கு நோய் அடங்கும் வாய்ப்பு நன்றாக இருக்கிறது. மூன்று மாதத்தில் முன்னேற்றம் தெரியாவிட்டாலோ, ஆறு மாதத்தில் நோய் அடங்கும் இலக்கைத் தொடாவிட்டாலோ மருந்தை மாற்றச் சொல்வதுதான் இன்றைய வழக்கம். என் பாட்டி இதைச் சரவாங்கி என்பார். அவர் காலத்தில் பார்த்த கோணல் கைகள் பெரும்பாலும் வலி மாத்திரை மட்டும் போட்டு வருடக்கணக்கில் விட்ட கைகள். அம்மாவின் மூன்றாவது மாதம், அந்த 200ஐ விட எனக்கு அதிகம் சொல்லும்.

அப்புறம், இந்த நோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் மருந்து வாரம் ஒரு நாள்தான். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

துவாரகா: சிசிபி எப்போது நெகட்டிவ் ஆகும்?

பலருக்கு ஆகவே ஆகாது, ஆகவும் வேண்டியதில்லை. நோயைக் கண்டுபிடிக்கத்தான் அந்தச் சோதனை. நோய் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க மூட்டுகளை எண்ண வேண்டும், அழற்சியைக் காட்டும் இஎஸ்ஆரோ சிஆர்பியோ எடுக்க வேண்டும்.

நொய்டா: சிசிபி 340லிருந்து 290. மருந்து கேட்கிறதா?

மேலே துவாரகாவுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஆர்.கே.புரம்: ஒரு வீக்கமும் இல்லை, சிஆர்பி 4. ஆனாலும் ரெமிஷன் இல்லை என்கிறார் டாக்டர். ஏன்?

இது நல்ல கேள்வி. நோய் அடங்கியிருக்கிறது, அதாவது ரெமிஷன், என்று சொல்ல ஒரு கறாரான விதி 2011இல் வந்தது: வீங்கிய மூட்டு ஒன்றுக்கு மேல் கூடாது, தொட்டால் வலிக்கும் மூட்டும் ஒன்றுக்கு மேல் கூடாது, சிஆர்பி 1ஐத் தாண்டக் கூடாது, "உங்கள் நோய் எப்படி இருக்கிறது" என்று பத்துக்கு நீங்களே போடும் மதிப்பெண்ணும் 1ஐத் தாண்டக் கூடாது. உங்கள் சிஆர்பி 4 பயமில்லை, அது ஒரு லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு. விதியில் உள்ள 1 டெசிலிட்டர் (லிட்டரில் பத்தில் ஒரு பங்கு) கணக்கு, அதாவது உங்கள் ரிப்போர்ட்டில் 10. நீங்கள் மாட்டியது கடைசியில், அந்த மதிப்பெண்ணில். எத்தனை போட்டீர்கள் என்று கேட்டேன், 4 என்றீர்கள், முழங்கால் தேய்மானமும் தூக்கமின்மையும் சேர்த்து. 2022இல் அந்த வரம்பை 2க்குத் தளர்த்தினார்கள், 4 அதிலும் நிற்காது.

இந்தப் பதிலைப் போட்டதும் சண்டை ஆரம்பித்தது. லஜ்பத் நகர்க்காரர், கணக்குத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், "மனசில் தோன்றுவதை எண்ணாக்கி நோய்க் கணக்கில் சேர்த்தால் அது எப்படி அறிவியல்?" என்றார். மயூர் விஹார் அம்மா விடவில்லை: "குக்கர் மூடியைத் திறக்க முடியாமல் நான் உட்கார்ந்திருப்பது உங்கள் கணக்கில் வராதா சார்?"

இரண்டு பேரும் பாதி சரி. வீக்கமே இல்லாமல் மதிப்பெண் மட்டும் ஏறியிருந்தால், அதைப் பார்த்து எதிர்ப்புசக்தியை அடக்கும் மருந்தை ஏற்றுவது வீண், ஆபத்தும்கூட, நம் ஊரில் ஒளிந்திருக்கும் டிபி கிளம்பிவிடலாம். அதற்காக மதிப்பெண்ணையே தூக்கிவிட்டால், மூட்டு வற்றியதும் நோயாளியின் முகத்தைப் பார்க்காமலே சீட்டு எழுதும் டாக்டர்கள் பெருகுவோம், நானும் அப்படி எழுதிய நாட்கள் உண்டு. என் பழக்கம் இரண்டு கணக்கு: அழற்சிக்கு ஒன்று, அவதிக்கு ஒன்று. முதலாவதற்கு மருந்து. இரண்டாவதற்குத் தூக்கம், மனச்சோர்வு, தேய்மானம், உடற்பயிற்சி என்று தனியாகத் தேட வேண்டும். லஜ்பத் நகர் சார் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, போகட்டும்.

ரோகிணி: ஜனவரிக் குளிரில் வலி கூடுகிறது. நோய் திரும்பிவிட்டதா?

வீக்கம் உண்டா? இல்லையென்றால் கையுறை, வெந்நீர். இருந்தால் டாக்டர்.

குர்கான்: எனக்கு 31. மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறேன், குழந்தை வேண்டும்.

கருத்தரிக்கும் முன்பே டாக்டரிடம் சொல்லி அதை நிறுத்தி வேறு மருந்துக்கு மாற வேண்டும், அதுவரை கருத்தடை கட்டாயம். கர்ப்பத்தில் பலருக்கு நோய் தானாகவே தணியும், பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் திரும்பும். கர்ப்பத்திலும் மஞ்சள் காமாலையிலும் இப்படித் தணிவதைக் கவனித்துத் துருவிய அமெரிக்க மருத்துவர் பிலிப் ஹென்ச்தான் 1948இல் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டை முதலில் முடக்குவாதத்துக்குக் கொடுத்தார், 1950இல் நோபல் பரிசும் பகிர்ந்துகொண்டார். உங்களுக்கு வேண்டியது: பிரசவம் முடிந்த மாதங்களில் மருத்துவர் தேதியை இப்போதே குறித்து வையுங்கள்.

கரோல் பாக்: ஒரு வருடமாக நோய் அடங்கியிருக்கிறது. எல்லாவற்றையும் நிறுத்தலாமா?

ஸ்டீராய்டு முதலில் போகட்டும். மற்றவை ஒவ்வொன்றாக, மெதுவாக, டாக்டர் பார்வையில். ஒரேயடியாக நிறுத்தினால் பலருக்குத் திரும்பிவிடுகிறது, சிசிபி உள்ளவர்களுக்கு இன்னும் சுலபமாக. திரும்பினால் பெரும்பாலும் மறுபடி அடக்கிவிடலாம், எல்லோருக்கும் அல்ல. சிகரெட் பற்றி ஒன்றும் எழுதவில்லையே, உண்டா?

சாகேத்: சிசிபி மறுபடி எப்போது எடுக்க?

வேண்டாம். வேண்டவே வேண்டாம்.

பீதம்புரா: ஒரு பொடி, இரண்டே நாளில் வீக்கம் போய்விட்டது.

இரண்டே நாளில் போனால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதோ என்றுதான் முதலில் சந்தேகப்படுவேன். பல நாள் சாப்பிட்டிருந்தால் பொடியைத் திடீரென்று நிறுத்தாதீர்கள், பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள்.

ஜனக்புரி: புதன்கிழமை மெத்தோட்ரெக்சேட் மறந்துவிட்டேன். அடுத்த வாரம் இரண்டு தடவையாகப் போடலாமா?

கூடாது. இரண்டு நாளுக்குள், அதாவது வெள்ளிக்குள், ஞாபகம் வந்தால் போட்டுக்கொள்ளுங்கள். தாண்டிவிட்டால் அந்த வாரத்தை விட்டுவிட்டு அடுத்த புதன் வழக்கமான அளவு மட்டும். தவறிப்போய் தினமும் விழுங்கி, வாய் முழுக்கப் புண்ணோடு, இரத்த வெள்ளணு எண்ணிக்கை விழுந்து ஐசியுவுக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். டப்பா மேல் "புதன்" என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள், இன்றைக்கே.