பெக்டரி ஐயா பதில்கள்: கறுப்பு பியரும் இருமல் பாணியும்

கேள்வி: ஐயா, லண்டனில் இருக்கும் என் மச்சான் லீவுக்கு வந்தபோது இரண்டு டின் ஸ்டௌட், அதாவது கறுப்பு பியர், கொண்டுவந்தார். சொக்லட், வனிலா, தேங்காய் எல்லாம் போட்டதாம், மதுசாரம் 12 சதவீதமாம். ஃப்ரிட்ஜில் நன்றாகக் குளிரவைத்து ஒரு டின்னை வேகமாகக் குடித்தேன். இருமல் பாணி மாதிரி இருந்தது. இதெல்லாம் பியர்தானா? மிச்ச டின்னை என்ன செய்வது?
வாசகர், கொட்டகலை

பதில்: முதலில் அந்த டின்னை ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே எடுங்கள், தம்பி. அவ்வளவு குளிரில் நாக்கு மரத்துவிடும், மணமும் மேலே வராது. மணம் போனால் மிஞ்சுவது பிசுபிசுப்பும் தொண்டை எரிவும்தான். இதற்கு 10 முதல் 13 பாகை வரை போதும். நுவரெலியாவில் ஜனவரி இரவென்றால் என் வீட்டு அலுமாரியே அந்த வேலையைச் செய்துவிடும். உங்கள் ஊருக்கு அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ், அப்புறம் கொஞ்ச நேரம் மேசையில்.

போன ஜனவரியில் என் மகளும் இப்படி ஒரு டின் கொண்டுவந்தாள். பெக்டரியிலிருந்து ஓய்வு பெறும்போது எனக்குக் கிடைத்த, தேயிலை ருசி பார்க்கும் வெள்ளைக் கிண்ணங்கள் இன்னும் இருக்கின்றன. அதில் நாலு பேருக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். நுரை வெள்ளையாக இல்லை, பால் அடிப்பிடித்த சட்டியின் நிறம். கிண்ணத்தைச் சாய்த்து நிமிர்த்தினால், வழிந்த இடமெல்லாம் பழுப்பு வரி வரியாக நின்றது. பழக்கதோஷத்தில் தேத்தண்ணி மாதிரியே சத்தமாக உறிஞ்சினேன். மகளுக்கு வெட்கம். ஆனால் காற்றோடு உறிஞ்சினால்தான் மணம் மூக்குக்குப் போகும். முதலில் வனிலா, அதன் பின்னால் தேங்காய், கடைசியில் மெல்ல ஒரு கசப்பு. அந்தக் கசப்பு வந்த பிறகுதான் எனக்கு நிம்மதி.

ஏனென்றால் ஸ்டௌட்டின் உயிரே அதில்தான் இருக்கிறது. பார்லியைக் காப்பிக்கொட்டை போலக் கறுக்க வறுத்துப் போடுகிறார்கள். சொக்லட், காப்பி வாசமெல்லாம் அந்த வறுவலிலிருந்தே வந்துவிடும், ஒன்றும் சேர்க்க வேண்டியதில்லை. எங்கள் பெக்டரியில் டிரையரில் தேயிலை கருகினால் துரையிடம் ஏச்சு விழும். இங்கே அந்தக் கருகலுக்குத்தான் காசு! உங்கள் மச்சானின் டின்னில் அதற்கு மேலே வேறு சாமான்களும் விழுந்திருக்கின்றன. பல இடங்களில் பால் சீனியும் போடுவார்கள். லாக்டோஸ் என்பார்கள். சாதாரண சீனியை ஈஸ்ட் தின்று மதுசாரமாக்கிவிடும், இதைத் தொடாது. அதனால் இனிப்பு அப்படியே நிற்கும். பால் ஒத்துக்கொள்ளாத வயிறென்றால் டின்னில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுக் குடியுங்கள்.

பியர்தானா என்றால், பியர்தான். ஆனால் பியர் குடிக்கும் கணக்கில் குடிக்கக்கூடாது. 330 மில்லி டின்னில் 12 சதவீதம் என்றால் சுத்த மதுசாரம் கிட்டத்தட்ட 40 மில்லி. நூறு மில்லிக்கு மேல் சாராயத்தை வேகமாக ஏற்றியதற்குச் சமம். தலை சுற்றியதா என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. மிச்சத்தை மூன்று நாலு பேராகப் பகிர்ந்து, ஒரு மணி நேரம் வைத்து உறிஞ்சுங்கள்.

எனக்குப் பிடித்ததா? நாலு மடக்கு வரைக்கும் ரொம்பப் பிடித்தது. ஐந்தாவதில் திகட்டியது. நம் லயன் ஸ்டௌட் 8.8 சதவீதம், அதுவும் லேசான ஆள் இல்லை. ஆனால் அதில் கசப்பு முன்னால் நிற்கும். சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டில் பியர் காய்ச்சிய நுவரெலியாக்காரன் நான், கொஞ்சம் ஓரவஞ்சனை இருக்கும், மன்னித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இந்த மாதிரி இனிப்பு ஸ்டௌட்டை வட்டிலப்பத்தோடு குடிக்கலாமா?
வாசகி, பண்டாரவளை

பதில்: வேண்டாம் அம்மா, இனிப்பின் மேல் இனிப்பு. உப்புக் கடலை வையுங்கள். உறைப்பான டெவல் ஐட்டங்களும் வேண்டாம், 12 சதவீதம் அந்த எரிவை இரண்டு மடங்காக்கும். எங்கள் வீட்டில் மிஞ்சிய கால் கிண்ணத்தை மனைவி மறுநாள் கேக் மாவில் ஊற்றிவிட்டாள். கேக் நன்றாகவே வந்தது.