முதல் போட்டவருக்கா, பட்டாக்காரருக்கா?

கேள்வி: ஒன்பது மா (ஏறத்தாழ மூன்று ஏக்கர்) நிலத்தை வாய்மொழிக் குத்தகைக்கு எடுத்துச் சம்பா நட்டிருந்தேன். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் பெய்த மழையில் ஐந்து நாள் தண்ணீர் வடியவில்லை. கணக்கெடுக்க வந்தவர்கள் சென்னையில் இருக்கும் நில உரிமையாளரின் வங்கிக் கணக்கைக் கேட்கிறார்கள். நிவாரணம் எனக்கு வருமா? பயிர்க் காப்பீடும் செய்திருக்கிறேன், இரண்டும் கிடைக்குமா?
- குத்தகை விவசாயி, சீர்காழி வட்டம்

பதில்: அரசாணைகளில் இத்தொகைக்கு இடுபொருள் மானியம் என்றே பெயர். விதைக்கும் உரத்துக்கும் நடவுக் கூலிக்கும் கைப்பணத்தைப் போட்டவருக்கே அது உரியது என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. ஆனால் கணக்கெடுப்பு, எந்த வயலில் யார் என்ன பயிர் செய்கிறார் என்று கிராமத்தில் பதியும் அடங்கலை வைத்து நடப்பதால், சாகுபடியாளர் என்ற இடத்தில் பட்டாதாரரின் பெயரே இருந்துவிட்டால், வயலில் நின்றவர் பட்டியலிலிருந்து விடுபட்டுப் போகிறார். டெல்டாவில் ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் நான் கேட்கும் முதல் முறையீடு இதுதான்.

ஆகவே இன்றே கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்து மூலம் மனுக் கொடுங்கள். புல எண், நட்ட தேதி, உரம் வாங்கிய ரசீது, குத்தகை நெல் அளந்ததற்கான சான்று ஆகியவற்றுடன், உரிமையாளர் ஒப்புதல் கடிதம் கொடுத்தால் அதையும் இணையுங்கள். அங்கே தீராவிட்டால் வட்டாட்சியரிடமும், பிறகு மாவட்ட ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் மனுவைப் பதிவு செய்யுங்கள். குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. பதிந்தால் நிலம் திரும்ப வராதோ என்று உரிமையாளர்கள் அஞ்சுவதால் வாய்மொழியே தொடர்கிறது. அந்த அச்சத்தின் விலையை வெள்ளக் காலத்தில் குத்தகைதாரர் கொடுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

நிவாரணம் பெறச் சேதம் 33 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். தண்ணீர் வடிந்த பிறகும் தாள் சில நாள் பச்சையாகவே நிற்கும். சாலையிலிருந்து பார்ப்பவருக்குப் பயிர் பிழைத்ததுபோலத் தோன்றும். வருவாய்த் துறையினரும் வேளாண் துறையினரும் வரும்போது வயலில் இறங்கி ஒரு குத்தைப் பிடுங்கிக் காட்டுங்கள். கறுத்து அழுகிய வேரும், உள்ளே பால் ஏறாத பதரும் சொல்வதை எந்தப் படிவமும் சொல்லாது.

ஒன்றிய அரசின் 2022-26 பேரிடர் நிவாரண விதிப்படி பாசன வயலுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். அதாவது ஏக்கருக்கு ஏறத்தாழ 6,880 ரூபாய், அதுவும் இரண்டு ஹெக்டேர் வரைதான். நிவர், புரெவி புயல்களுக்குப் பிறகு 2021 ஜனவரியிலும், பருவம் தவறிய மழைக்காக 2023 பிப்ரவரியிலும் தமிழக அரசு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் அறிவித்தது. ஒரு ஏக்கர் சம்பாவுக்கு ஆகும் செலவை அறிந்தவருக்கு இவை போதாத தொகை என்பதை விளக்க வேண்டியதில்லை.

காப்பீடு தனி வழி. அங்கே கிராம அளவில் அறுவடைப் பரிசோதனை நடத்தி, சராசரி மகசூல் குறைந்திருப்பதை வைத்தே பொதுவாக இழப்பீடு வரும். உங்கள் வயல் மூழ்கியும் ஊர் மகசூல் தேறிவிட்டால் கிடைக்காமல் போகலாம். நிவாரணம் பெற்றதால் காப்பீடு தடைபடாது.

கேள்வி: வெள்ளத்தில் கறவை மாடு ஒன்றும் ஆடுகள் நான்கும் இறந்தன. என்ன செய்ய வேண்டும்?
- வாசகி, வேதாரண்யம்

பதில்: புதைப்பதற்கு முன்பே கால்நடை மருத்துவரை அழைத்துப் பரிசோதிக்கச் செய்து சான்று பெறுங்கள், கிராம நிர்வாக அலுவலருக்கும் உடனே தகவல் சொல்லுங்கள். ஒன்றிய அரசின் அதே 2022-26 விதிப்படி கறவை மாட்டுக்கு 37,500 ரூபாயும் ஆட்டுக்கு 4,000 ரூபாயும் உண்டு. நாற்றம் தாங்காமல் புதைத்துவிட்டிருந்தால், புதைத்த இடத்தையும் நேரில் கண்ட அண்டை வீட்டாரையும் குறிப்பிட்டு, கையில் படம் இருந்தால் அதையும் சேர்த்து மனு எழுதுங்கள். சான்று இல்லாமல் தொகை பெறுவது கடினம் என்பதால், இம்மனுவை ஒரு நாளும் தள்ளிப் போட வேண்டாம்.